5க்கு 7 அடி பாத்ரூம்: கொமட்டை எந்தப் பக்கம் வைப்பது? மேசன் பாஸ் சொல்வது மனசுக்கு ஒப்பவில்லை

கொட்டகலைத் தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். வீடு கொட்டகலைப் பக்கம், தோட்டத்து லயத்தை விட்டு வந்து 7 பேர்ச்சஸ் காணியில் அப்பா கட்டியது. பாத்ரூம் உள்ளளவு 5 அடி அகலம், 7 அடி நீளம். இப்போது இருப்பது குந்தும் கக்கூஸ். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் மலையில் கொழுந்து எடுத்தவர், முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஒரு கையில் வாளியின் விளிம்பையும் மறு கையில் சுவரையும் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். அதனால் கொமட், சின்ன பேசின், சுடுதண்ணீர் ஷவர் மூன்றையும் போட்டுவிடலாம் என்று இறங்கியிருக்கிறோம்.

கதவு 5 அடிச் சுவரில் இருக்கிறது, உள்பக்கம் திறக்கும். நேர் எதிர்ச் சுவர் மண்மேட்டை ஒட்டியது. கதவில் நின்று பார்த்தால் இடது நீளச் சுவர் வெளிச்சுவர், பள்ளத்துப் பக்கம். கக்கூஸ் குழி அந்தப் பக்கம்தான், 20 அடி தள்ளி. வலது பக்கம் குசினி.

மேசன் பாஸ் பழைய கக்கூஸ் இருந்த கடைசி மூலையிலேயே கொமட்டை வைக்கச் சொல்கிறார். நடுவில் ஷவர், கதவுக்குப் பின்னால் பேசின். "பைப் இருக்கிற இடத்துலயே வச்சா செலவு மிச்சம் தம்பி" என்கிறார். சரிதானா?

இன்னும் இரண்டு தொல்லை உண்டு. காலையில் கதவைத் திறந்தால் நாற்றம் அடிக்கிறது, எவ்வளவு கழுவினாலும் போகவில்லை. ஜூன், ஜூலை மழையில் மேட்டுச் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஈரமாகி பூஞ்சணம் பிடிக்கிறது.

பண்டாரவளை அக்கா:
தம்பி, பாஸ் சொன்ன மாதிரி வைத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா ஈரத் தரையைத் தாண்டித்தான் கொமட்டுக்குப் போக வேண்டும். ஷவர் நடுவில் வந்தால் தரை எப்போது காயும்? நம் குளிரில் மத்தியானம் வரைக்கும் காயாது. நனைகிற இடம் கடைசியில் இருக்கட்டும், கொமட் அதற்கு முன்னால் வரட்டும்.

கதவையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். எங்கள் வீட்டில் பாட்டி விழுந்து கதவுக்கு எதிரே கிடந்தார். உள்ளே தள்ளினால் கதவு அவர் முதுகில் முட்டுகிறது. பிணைச்சலும் உள்பக்கம் என்பதால் கழற்ற வழியில்லை. கடைசியில் அலவாங்கால் கீழ்ப் பலகையை உடைத்துத்தான் எடுத்தோம். பாட்டிக்கு இடுப்பு தப்பியது, கதவு போனது.

பைப் வேலைக்காரன்:
அக்கா சொன்ன ஒழுங்குதான் சரி. குழி இடது பக்கம் இருக்கும்போது கொமட்டை ஏன் மேட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டும்? இடது வெளிச்சுவருக்கு முதுகு காட்டி வையுங்கள். அடியால் இறங்குகிற எஸ் ட்ராப் வேண்டாம், பின்னால் போகிற பி ட்ராப் கொமட் வாங்குங்கள். பைப் சுவரைத் துளைத்து நேரே வெளியே போய்விடும், உள்தரையைக் கிண்ட வேண்டியதில்லை. அந்தப் பைப்பின் நடு, முடித்த தரையிலிருந்து ஏறக்குறைய 7 அங்குலத்தில் வரும்.

கணக்கைப் பாருங்கள். நீளம் 84 அங்குலம். கதவுப் பக்கமிருந்து பேசினுக்கு 18. கொமட்டுக்கு 30, அதாவது நடுவிலிருந்து இரு பக்கமும் 15. மிச்சம் 36 குளிக்கிற இடம். கொமட் சுவரிலிருந்து 28 அங்குலம் நீட்டினாலும் 60 அங்குல அகலத்தில் முன்னால் 32 கிடைக்கும், தாராளம். ஆனால் அந்த 84 பூச்சுக்கு முன்னா, பின்னா? டைல்ஸும் ஒட்டுச் சாந்தும் சேர்ந்து பக்கத்துக்கு முக்கால் அங்குலம் தின்னும்.

வெளியே 4 அங்குலப் பைப், அடிக்குக் கால் அங்குலம் வாட்டம். 20 அடிக்கு 5 அங்குலம் இறங்க வேண்டும். திரும்புகிற இடத்தில் 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதில் 45 இரண்டு போட்டு, அங்கே திறந்து பார்க்க ஒரு பெட்டி கட்டுங்கள். அடைத்தால் அன்றைக்குத் தெரியும் அதன் அருமை.

நாற்றத்துக்கு ஒரு சோதனை. இன்று ராத்திரி குளிக்கிற தண்ணீர் போகும் தரைத் துளையை ஈரத் துணியால் இறுக்கி அடைத்துவிட்டுப் படுங்கள். காலையில் வந்து சொல்லுங்கள்.

மேட்டுவீட்டுக்காரர்:
பூஞ்சணத்துக்கு உள்ளே என்ன பூசினாலும் ஒரு மழைக்குத்தான் நிற்கும். மண் சுவரைத் தொடுகிறது, அதுதான் விஷயம். சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் இடைவெளி எடுத்து, சீமெந்துக் கான் போட்டு தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பி விடுங்கள். சுவரின் வெளிப்பக்கம் தார் பூசலாம்.

ஆனால் சுவரில் சாய்ந்த தளர்ந்த மண்ணை எடுப்பது வேறு, மேட்டின் அடியை அலவாங்கால் நோண்டுவது வேறு. நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவு என்ன செய்யும் என்று 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பார்த்தோமே. மேடு ஆள் உயரத்துக்கு மேல் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்களிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள். குளிக்கிற தண்ணீரையும் வீட்டுக்கு அடியில் ஊறவிடாமல் பைப்பில் தள்ளிக் கொண்டுபோங்கள்.

கரண்ட் வேலை:
ஷவர் ஹீட்டர் பற்றி யாரும் பேசவில்லையே. 3.5 கிலோவாட் ஹீட்டர் நம் 230 வோல்ட்டில் 15 அம்பியர் இழுக்கும். பிளக்கில் குத்தக் கூடாது. போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த், கரண்ட் கசிந்தால் உடனே வெட்டுகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். ஹீட்டர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே.

அப்புறம் ஒரு ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காலைத் தண்ணீர் 16 பாகை என்று வைத்தால், அதை 38க்கு ஏற்ற அந்த ஹீட்டரால் நிமிஷத்துக்கு இரண்டேகால் லீட்டர்தான் தர முடியும். 10 லீட்டர் வாளி நிரம்ப நாலு நிமிஷத்துக்கு மேல். கொழும்பில் உறவுக்காரர் வீட்டில் குளித்த ஷவரை நினைத்துக்கொண்டு வாங்காதீர்கள். கேஸ் ஹீட்டர் வேகமாகக் கொடுக்கும்தான், ஆனால் அதைப் பாத்ரூமுக்குள் மாட்டவே கூடாது. குளிருக்கு ஜன்னலைச் சாத்தினால் கார்பன் மொனொக்சைட் சேரும். வாசமே இல்லாமல் ஆளை முடித்துவிடும்.

கொட்டகலைத் தம்பி:
எல்லோருக்கும் நன்றி. துணி வைத்து அடைத்தேன். காலையில் நாற்றமே இல்லை! துளையைத் தோண்டிப் பார்த்தால் பைப் நேராகக் குழிக்குப் போகிறது, நடுவில் தண்ணீர் நின்று நாற்றத்தை மறிக்கிற ட்ராப் கிடையாது. இத்தனை வருஷம் பினாயிலுக்குக் கொடுத்த காசு!

பூச்சுக்குப் பின் அளந்தேன், 84 சரியாக இருக்கிறது. டைல்ஸ் போக 82½ வரும். நேற்று சோக்கால் தரையில் கோடு போட்டு, கொமட் வருகிற இடத்தில் பிளாஸ்டிக் கதிரையை வைத்து அம்மாவை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவர் முதலில் கேட்டது, "வாளி எங்கடா வைக்கிறது?" ஷவர் போட்டாலும் அவர் விறகடுப்பில் சுட வைத்து, வாளியில் கலந்துதான் குளிப்பாராம். அதனால் குளிக்கிற மூலையில் தாழ்வாக ஒரு பைப்பும் உட்கார ஒரு திண்ணையும் சேர்த்துவிட்டோம். ஹீட்டர் அடுத்த வருஷம், வயரை மட்டும் இப்போதே இழுத்து வைக்கிறேன்.

பாஸ் முதலில் முகத்தைத் தூக்கினார். உள்தரையை உடைக்க வேண்டாம் என்றதும் சமாதானமாகிவிட்டார். மேடு என் இடுப்பளவுதான், கான் வெட்டத் தொடங்கியாச்சு. எழுந்திருக்கக் கைப்பிடி எங்கே போடுவது?

பண்டாரவளை அக்கா:
கொமட்டில் உட்கார்ந்தால் எந்தக் கையை ஊன்றி எழுகிறாரோ அந்தப் பக்கம் வந்தால் நல்லது, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலத்துக்குள். உங்களுக்குப் பக்கச் சுவர் இல்லையே. பின் சுவரிலிருந்து நீட்டி, மடக்கி வைக்கிற மாதிரி ஒன்று வாங்குங்கள். புளொக் கல் சுவர் என்றால் பிடி வருகிற இடத்துக் குழிகளை டைல்ஸுக்கு முன்னால் கொங்கிரீட் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். வெறும் கல்லில் அடித்த ஆணி பாரம் தாங்காது.

பைப் வேலைக்காரன்:
புதுத் துளைக்குக் கீழே கட்டாயம் ட்ராப். டைல்ஸ் ஒட்டும் முன் துளையை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி வைத்து, குசினிச் சுவரடியில் ஈரம் வருகிறதா என்று பாருங்கள். சுவரைத் துளைக்கும் முன் கொமட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, நீங்களே அளந்துகொள்ளுங்கள். பெட்டியில் போட்டிருக்கிற அளவும் உள்ளே இருக்கிற சாமானும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.