அடுத்த சீசன் பாஸ் வாங்கலாமா, வேண்டாமா?

நாங்கள் நாலு பேர் தினமும் ராத்திரி ஆடும் ஆன்லைன் ஷூட்டர் கேம் ஒன்று. அதில் அடுத்து வரும் புது விஷயங்களுக்குக் காசு கட்டி வாங்குவதுதான் சீசன் பாஸ். வெளியாகி ஆறு மாதம்தான், அதற்குள் கேம் டைரக்டர் விலகிவிட்டார். கடைசி பேட்ச் (கோளாறுகளைச் சரிசெய்யும் அப்டேட்) வந்து ஒன்பது வாரம். சுவருக்குள் புகுந்துகொண்டு சுடுகிற கோளாறு அப்படியே கிடக்கிறது. கேமுக்குள் இருக்கும் கடையில் மட்டும் வாரம் தவறாமல் புது ஸ்கின் (தோற்றத்தை மட்டும் மாற்றும் அலங்காரம்)!

தலைமை மாறினால் கேம் செத்துவிடும் என்றில்லை. 2010-இல் சொதப்பிய ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் கேமை நவோகி யோஷிடா பொறுப்பேற்று 2013-இல் புதிதாகவே கொண்டுவந்தார். ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த கன்கார்ட் என்ற ஷூட்டர் கேம் இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. நல்லவேளை, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது.

இப்படி ஒரு கேமில் மாட்டியவர்கள் இருக்கிறீர்களா? சர்வரை மூடப்போகிறார்கள் என்று எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்? அப்புறம், ஸ்கின்னுக்குப் போட்ட காசைத் திரும்பக் கேட்க வழி உண்டா?