கின்சான்கா தன் யூத அடையாளத்தை மறைத்தாரா?

குடியாத்தம்காரன்:
போன வாரம் சத்துவாச்சாரியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்கார அம்மா "நீங்க யாரு?" என்று மூன்று தரம் கேட்டார். பெயரைச் சொன்னேன், வேலையைச் சொன்னேன். அவர் கேட்டது அதுவல்லவே! வீடு கிடைக்கவில்லை. அன்றிரவு கையில் இருந்தது போலந்துக் கவிஞர் சுசன்னா கின்சான்கா. யூதப் பெண், சொந்தக் குடும்பப் பெயர் கின்ஸ்புர்க். 1936இல் வந்த அவருடைய ஒரே தொகுப்பில் அந்த அடையாளம் என் கண்ணில் படவில்லை. மறைத்தாரா?

பாலாற்றங்கரை:
மறைத்தார் என்று சொல்ல மாட்டேன், தம்பி. 1917இல் கீவில் பிறந்தவர். வீட்டில் ரஷ்ய மொழி. எழுத போலிஷ் மொழியை அவரேதான் தேர்ந்தெடுத்தார். 1942இல் உயில் மாதிரி ஒரு கவிதை எழுதினார், அதைப் படியுங்கள். மேசைவிரிப்பு, அலமாரி, படுக்கைவிரிப்பு என்று தன் 'யூதச் சாமான்களை' அடுக்குகிறார். யாருக்கு? லிவிவ் நகரில் தன்னை நாஜிகளிடம் காட்டிக்கொடுத்த வீட்டுக்காரிக்கு. பெயரையும் போட்டே எழுதினார்! போருக்குப் பிறகு அந்தக் கவிதை கோர்ட்டில் சாட்சியமாக நின்றது.

ஆற்காடு மக்கன்பேடா:
அதன் முடிவுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கொள்ளையடிப்பவர்கள் தலையணையைக் கிழிக்கிறார்கள். பறக்கும் இறகுகளை அவளுடைய ரத்தம் அவர்கள் கையில் ஒட்டுகிறது. திடீரென்று எல்லாரும் தேவதூதர்கள்!

குடியாத்தம்காரன்:
ஐயா, அவர் பிழைத்தாரா?

பாலாற்றங்கரை:
இல்லைப்பா. லிவிவில் தப்பியவரை, போலந்தின் கிராக்கூ நகரில் ஒளிந்திருந்தபோது பிடித்து, போர் முடிவதற்குள் சுட்டுவிட்டார்கள். முப்பதுகூட ஆகவில்லை. அப்புறம், காட்பாடி பக்கம் ஒரு வீடு காலியாக இருக்கிறது. எதுவும் கேட்க மாட்டார்கள், தனிச்செய்தி அனுப்புங்கள்.