எரர் கோடு காட்டியது சென்சாரை, பழுது இருந்தது வயரில்

களப்பணி மெக்கானிக்:

"மூன்று சென்சார் மாற்றிப் பார்த்துவிட்டோம், கோடு மட்டும் போகவே இல்லை" என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். 30 டன் எக்ஸ்கவேட்டர். மானிட்டரில் எஸ்.பி.என். 100, எஃப்.எம்.ஐ. 3. கனரக வண்டிகளின் கோடுகளுக்கான ஜே1939 முறையில் 100 என்பது எஞ்சின் ஆயில் அழுத்தம். 3 என்றால் அந்த சிக்னலின் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட அதிகம். நம்மில் பலர் முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு ஸ்பேனரை எடுத்துவிடுகிறோம். இதில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. எந்தச் சுற்று என்பதை முதல் எண் சொல்கிறது. அந்தச் சுற்றுக்கு என்ன ஆயிற்று என்பதை இரண்டாவது எண்தான் சொல்கிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம். ஆயிலைப் பார்ப்பதில்லை. தன் கனெக்டரின் பின்னுக்கு வந்து சேரும் வோல்டேஜை மட்டுமே பார்க்கிறது.

அந்த சென்சாருக்கு மூன்று வயர்கள்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். எல்லாம் சரியாக இருந்தால் சிக்னல் ஏறத்தாழ 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் நிற்கும். பக்கெட்டைத் தரையில் இறக்கி, லாக் லீவரைப் போட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்தேன். சென்சார் கனெக்டரைக் கழற்றினேன். கோடு 3 ஆகவே நின்றது. அதில் வியப்பில்லை. பல ஈ.சி.எம்.களில் வயர் திறந்து கிடந்தால் சிக்னல் உச்ச வோல்டேஜுக்குப் போய்விடும். அடுத்து, கனெக்டரில் சிக்னல் பின்னையும் எர்த் பின்னையும் ஒரு சிறு ஜம்பர் வயரால் இணைத்தேன். 5 வோல்ட் பின்னில் ஜம்பர் படவே கூடாது. வயரிங் படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் நான் கைவைப்பேன். வயரிங் நன்றாக இருந்தால் கோடு 3இலிருந்து 4க்கு, அதாவது 'வோல்டேஜ் குறைவு' என்று மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. கழற்றி எறிந்த சென்சார்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

ஜம்பரின் ஒரு முனையை எர்த் பின்னிலிருந்து எடுத்து எஞ்சின் பிளாக்கில் வைத்தேன். உடனே 4 வந்தது. அப்படியானால் சிக்னல் வயர் ஈ.சி.எம். வரை நன்றாக இருக்கிறது, எர்த் வயர்தான் நடுவழியில் அறுந்திருக்கிறது. இதற்கு ஆன நேரம் பத்து நிமிடம்.

அறுந்த இடத்தைத் தேடத்தான் அரை நாள் போனது. ஹார்னஸின், அதாவது வயர்க் கட்டின், மேலுறையைப் பிரித்து, அந்த ஒற்றை வயரைச் சாண் சாணாக விரலால் மெல்ல இழுத்துக்கொண்டே போனேன். ஒரு கிளாம்புக்கு அருகே வயர் ரப்பரைப் போல நீண்டது. உள்ளே செம்பு அற்றுப்போயிருந்தால்தான் இன்சுலேஷன் அப்படி நீளும். கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பொடி. அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி, ஊசி குத்தியது போல ஒரு துளை. முன்பு எவரோ வோல்டேஜ் பார்ப்பதற்காக மீட்டர் முனையால் இன்சுலேஷனைக் குத்தியிருக்கிறார். அந்தத் துளை வழியே இறங்கிய ஈரம் செம்பைத் தின்றுவிட்டது. கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய முனையைச் செருகி அளக்க வழி இருக்கிறதே! வயரைக் குத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி, கிரிம்ப் செய்து, உட்புறம் பசை உள்ள சுருங்கும் குழாயைப் போட்டு மூடினேன். சால்டர் வைக்கவில்லை. ஓயாத அதிர்வில், சால்டர் முடியும் விளிம்பில்தான் வயர் மறுபடி ஒடியும்.

ஆபரேட்டர்:

அண்ணா, நான் சீட்டில் உட்கார்ந்திருப்பவன், மீட்டர் பிடிப்பவன் அல்லன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வண்டியில் பக்கெட் நிறைய மண்ணோடு சுழற்றி நிறுத்தும் நொடியில் மானிட்டர் ஒரு கணம் இருண்டு, பிறகு ஆறேழு கோடுகளோடு எழும். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். வண்டியை நிற்க வைத்தே சோதித்து, கோடுகளை அழித்து, "ஒன்றும் இல்லை" என்று போய்விட்டார்கள். அழித்ததோடு எல்லாத் தடயமும் போயிற்று.

அதன்பின் நான் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். வண்டி ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரின் எண், எந்த அசைவின்போது, எஞ்சின் சூடா குளிரா, எந்தக் கோடு முதலில் வந்தது. மூன்றாவதாக வந்தவர் அந்த நோட்டை நிதானமாகப் படித்துவிட்டு, கோடுகளைத் தொடாமல் நேராக பேட்டரிப் பெட்டிக்குப் போனார். 24 வோல்ட் வண்டி, இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையில். மெயின் எர்த் கேபிளை ஓம் அளவில் வைத்துப் பார்த்தபோது சரியாகவே காட்டியது. பிறகு என்னை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் ஃப்ரேமுக்கும் இடையே வோல்டேஜ் பார்த்தார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 2 வோல்ட்டுக்கு மேல் ஏறியது. போல்ட்டின் அடியில் பெயின்ட்டும் துருவும். சுரண்டி, இறுக்கிய பிறகு அந்தக் கோடுகள் திரும்பவே இல்லை.

பணிமனை எலக்ட்ரீஷியன்:

தம்பி சொன்ன நோட்டு, எந்தக் கருவியைவிடவும் பெரிது. ஓம் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் "நன்று" என்று காட்டிவிடும். லோடு கொடுத்து அளந்தால்தான் உண்மை வெளிவரும்.

என் பங்குக்கு ஒன்று. சம்பந்தமில்லாத நான்கு சென்சார்களின் கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால், நான்கும் ஒன்றாகப் பழுதாகியிருக்கும் என்று நம்ப வேண்டாம். அவை பகிர்ந்துகொள்ளும் 5 வோல்ட் சப்ளையை முதலில் பாருங்கள். அது விழுந்திருந்தால் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்த சென்சாருக்குள்தான் ஷார்ட்.

புதிதாக வேலையில் சேர்ந்தவர்:

அண்ணா, எங்கள் வண்டியில் பம்ப் கண்ட்ரோலரோடு தொடர்பு இல்லை என்று கோடு விட்டுவிட்டு வருகிறது. கண்ட்ரோலரை மாற்றச் சொல்கிறார்கள். பேட்டரியைத் துண்டித்துவிட்டு, கண்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் வயர்கள் இரண்டுக்கும் இடையே அளந்தேன், 120 ஓம் காட்டுகிறது. இது சரியா?

களப்பணி மெக்கானிக்:

சரியில்லை, தம்பி. ஆனால் நல்ல வேளை, மாற்றுவதற்கு முன்பே அளந்தீர்கள். கேன் லைனின் இரு கோடியிலும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால் 60 வர வேண்டும். 120 என்றால் ஒரு கோடி விடுபட்டிருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் எங்கோ உரசிக்கொண்டிருக்கின்றன. வயரிங் படத்தில் அந்த ரெசிஸ்டர்கள் எங்கே என்று பாருங்கள். சில வண்டிகளில் அவை கண்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் தனி மூடி போல ஹார்னஸில் தொங்கும். தனியாக இருந்தால் முதலில் அதன் கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். அளந்துவிட்டு எழுதுங்கள்.

புதிதாக வேலையில் சேர்ந்தவர்:

சீட்டுக்குப் பின்னால் இருந்தது, அண்ணா. கனெக்டர் பூட்டியபடியே இருந்தது, ஆனால் உள்ளே ஒரு பின் பூட்டில் விழாமல் பின்னால் தள்ளிப்போயிருந்தது. 'டிக்' என்று சத்தம் வரும்வரை உள்ளே அழுத்தினேன். இப்போது 60 காட்டுகிறது. ஹார்னஸை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், எண் நகரவில்லை.