புதுப்பிப்பு: போர்ட் ஃபார்வர்டிங் சிக்கல் தீர்ந்தது

வீட்டு சர்வரில் இருக்கும் தளம் உள்ளே திறக்கிறது, வெப் போர்ட்டுகளான 80, 443 இரண்டையும் ரவுட்டரில் அந்த சர்வருக்குத் திருப்பிவிட்டும் (இதுதான் போர்ட் ஃபார்வர்டிங்) வெளியிலிருந்து திறக்கவில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். நான் போட்ட விதியில் தப்பே இல்லை. ரவுட்டரின் வான் (WAN) ஐபி, அதாவது இணையப் பக்கம் அதற்குக் கிடைத்த முகவரி, 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் சிஜிநாட்டுக்கு (CGNAT: பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கும் முறை) ஒதுக்கியவை. அதாவது எனக்கும் இணையத்துக்கும் நடுவே இணைப்பு தருபவரின் இன்னொரு நாட் (NAT, முகவரியை மாற்றி அனுப்பும் அடுக்கு) உட்கார்ந்திருக்கிறது. அங்கே எனக்காக யார் கதவைத் திறப்பார்கள்?

அவர்களிடம் கேட்டு வாங்கிய பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய முகவரி, நேற்று வந்தது. அப்புறமும் வீட்டு வைஃபையில் டொமைன் பெயரைப் போட்டால் ரவுட்டரின் லாகின் பக்கம்தான் வந்தது. ஒரு மணி நேரம் வீண். மொபைல் டேட்டாவில் பார்த்தால் தளம் ஜம்மென்று திறக்கிறது! ரவுட்டரில் ஹேர்பின் நாட் (வீட்டுக்குள்ளிருந்து பொது ஐபிக்குப் போவதை மறுபடி உள்ளே இருக்கும் சர்வருக்கே திருப்பும் வசதி) இல்லை, அவ்வளவுதான். லோக்கல் டிஎன்எஸ்ஸில் (வீட்டுக்குள் பெயரை ஐபியாக மாற்றித் தருவது) அந்த டொமைனுக்கு சர்வரின் உள் முகவரியான 192.168.1.20 என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.