பெஞ்ச் பிரஸ் 50 கிலோவிலேயே நிற்கிறது

கேள்வி: எட்டு மாதமாக ஜிம் போகிறேன். பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்துக் கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) 50 கிலோ, 3 செட், செட்டுக்கு 8 ரெப் (எட்டுத் தடவை தூக்குவது), வாரம் இரண்டு நாள். 55 போட்டால் நாலாவது ரெப்பிலேயே கம்பி நெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் வந்து தூக்கிவிடுகிறார், மானம் போகிறது. இரண்டு மாதமாக இதே கதைதான். எதை மாற்றுவது?

பதில்: 50-லிருந்து 55 என்றால் ஒரே தாவலில் பத்து சதவீதம்! எடையை அப்படியே விட்டு ரெப்பை ஏற்றுங்கள். 8, 8, 8 என்பது 9, 8, 8 ஆகட்டும், அப்புறம் 9, 9, 8. மூன்று செட்டிலும் 12 வந்த பிறகு 52.5 போட்டு மறுபடி 8-லிருந்து தொடங்குங்கள். நோட்டில் எழுதி வையுங்கள். ஞாபகத்தை நம்பினால் போன வாரக் கணக்கில் நாமே இரண்டு ரெப் கூட்டிக்கொள்வோம் (நான் கூட்டியிருக்கிறேன்).

பதில்: செட்டுக்கு நடுவே எவ்வளவு ஓய்வு?

கேட்டவர்: ஒரு நிமிடம். போன் வந்தால் ஒன்றரை.

பதில்: சரி, அங்கேதான் கோளாறு. மூன்று நிமிடம் உட்காருங்கள். எடுத்த எடுப்பில் 50-க்கும் போகாதீர்கள். 1940-களில் காயம்பட்ட அமெரிக்க ராணுவ வீரர்களுக்குப் பயிற்சி வகுத்த டாக்டர் தாமஸ் டிலோர்மின் முறையிலும் முதல் செட் பாதி எடைதான். 52.5-க்கு 1.25 கிலோ தட்டு ஒரு ஜோடி வேண்டும், உங்கள் ஜிம்மில் இருக்கிறதா பாருங்கள்.

கேட்டவர்: தேடினேன், டம்பெல் ரேக்குக்கு அடியில் கிடந்தது. ஒன்றே ஒன்று.