சொசைட்டிக்கு வரி கிடையாது, ஜில்லா பேங்க்குக்கு உண்டு, இது என்ன கணக்கு?

வயக்காட்டான்:
வணக்கம் மக்களே. எங்க ஊரு தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்துல அப்பா நிர்வாகக் குழுல இருந்தவரு. இப்ப இன்கம்டேக்ஸ்ல இருந்து டிமாண்ட் வந்துருக்கு, 2022-23 அசெஸ்மென்ட் வருஷத்துக்கு. செயலாளர் கேட்டா "விவசாயக் கடன் குடுக்குற சங்கத்துக்கு வரியே கிடையாது, சும்மா அனுப்பிருக்கான்"னு சொல்றாரு, ஆடிட்டர் கேட்டா "ஐடிஆர் லேட்டா போட்டீங்க, விலக்கு போச்சு"ங்கிறாரு. ரெண்டு பேருல யாரு சொல்றது சரி? அப்புறம் எனக்கு பொதுவாவே ஒரு டவுட்டு, நபார்டு (விவசாய, கிராம வளர்ச்சிக்கான தேசிய வங்கி) காசுதான் சென்னை தலைமை கூட்டுறவு வங்கிக்கு வந்து அங்கருந்து ஜில்லா மத்திய வங்கி, அங்கருந்து எங்க சொசைட்டினு இறங்குது, எல்லாமே அரசாங்கம் பின்னாடி நிக்கிற விவசாயக் கடன்தானே, அப்ப மேல இருக்குறவங்க வரி கட்டணும் கீழ இருக்குறவங்க கட்ட வேணாம்னா என்ன லாஜிக்?

கணக்குப்பிள்ளை:
செயலாளர் சொல்றது பாதி, ஆடிட்டர் சொல்றது முழுசு.

வருமான வரிச் சட்டத்துல 80பி (80P) தான் உங்க பிரிவு. அது "வரியே கிடையாது" இல்ல, லாபத்தை காட்டிட்டு அப்புறம் கழிச்சுக்கிற டிடக்‌ஷன். காட்டவே இல்லனா எதுல கழிப்பாங்க? 80ஏசி-னு இன்னொண்ணு இருக்கு, 2018-19ல இருந்து கெடுவுக்குள்ள ரிட்டர்ன் போட்டாத்தான் 80பி கிடைக்கும், ஒரு நாள் தள்ளுனாலும் ரிட்டர்ன சரிபாக்குற பெங்களூரு சிபிசி மையத்துல கம்ப்யூட்டரே வெட்டி விட்டுரும். வெட்டுனா சங்கங்களுக்கான ஸ்லாப் என்னனு பாருங்க, முதல் 10,000 ரூபாய்க்கு 10%, அடுத்த 10,000க்கு 20%, அதுக்கு மேல எல்லாமே 30%. இந்த ஸ்லாப்ப யாரும் தூசி தட்டுறதே இல்ல. அதனாலதான் சின்ன சங்கத்துக்கும் லட்சக் கணக்குல டிமாண்ட் வந்து நிக்குது.

மேல இருக்குறவங்க கதைக்கு வரேன். 2006 வரைக்கும் கூட்டுறவு வங்கிங்களுக்கும் இந்த 80பி இருந்துச்சு. அந்த வருஷ பட்ஜெட்ல நிதியமைச்சர் சிதம்பரம் 80பி(4)-னு ஒண்ண கொண்டு வந்து அத எடுத்துட்டாரு, கூட்டுறவு வங்கியும் மத்த வங்கி மாதிரியே தொழில் பண்ணுது, அதுக்கு மட்டும் எதுக்கு சலுகைங்கிறதுதான் வாதம். விட்டு வச்சது ரெண்டே பேர, தொடக்க வேளாண் கடன் சங்கமும், தாலுகா அளவுல இருக்குற தொடக்க நிலவள வங்கியும். கிராம வங்கிங்களுக்கும் அதோட சேந்து சலுகை போச்சு. நபார்டு இன்னும் முன்னாடியே, அவங்க 1981 சட்டத்துலயே வரி விலக்கு எழுதி இருந்துச்சு, 2001 நிதிச் சட்டத்துல எடுத்துட்டாங்க. இப்ப நபார்டு ஒழுங்கா வரி கட்டுது.

மிளகாக்காரன்:
எனக்கு இதுல ஒரு வயித்தெரிச்சல் இருக்கு, சொல்லிடுறேன். பயிர்க்கடன் குடுக்குறாங்கனு சொல்லி விலக்கு வாங்குறாங்க, ஆனா எங்க ஊரு சொசைட்டில போயி பாருங்க, காலைல இருந்து க்யூல நிக்கிறது பூரா நகைக்கடனுக்குத்தான், அதுல பாதிப்பேருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ரேஷன் கடை, உரம், இ-சேவை, எல்லாம் ஓடுது. அப்புறம் என்ன விவசாயச் சங்கம்?

கணக்குப்பிள்ளை:
@மிளகாக்காரன் அண்ணே, பயிர்க்கடனுக்கு கெடுவுல கட்டுனா விவசாயிக்கு வட்டியே இல்ல, அரசாங்கம் மானியமா குடுக்குறதுல சங்கத்துக்கு மிஞ்சுறது கம்மி. சம்பளம், கரண்ட் பில்லு எல்லாம் நகைக்கடன் வட்டிலதான் ஓடுது, அது இல்லனா முக்கால்வாசி சங்கம் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்.

நீங்க கேட்ட இதே கேள்விய டிபார்ட்மென்டும் கோர்ட்டுல கேட்டுச்சு. 2021 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு கேரளா மாவிலாயி சங்கத்து கேஸ்ல சொன்னது: சங்கமா பதிவு ஆகி இருக்கா, ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் இல்லையா, அப்ப 80பி(4) உங்க மேல பாயாது. உறுப்பினர் இல்லாதவனுக்கு கடன் குடுத்தா அந்த லாபத்துக்கு மட்டும் விலக்கு இல்ல, அதுக்காக மொத்தத்தையும் பிடுங்கக் கூடாது. க்யூல நிக்கிறவங்க பெரும்பாலும் இணை உறுப்பினரா சேத்த ஆளுங்கதான், தமிழ்நாடு கூட்டுறவு சட்டப்படி இணை உறுப்பினரும் உறுப்பினர்தான். ரேஷன் மாதிரி மத்த வேலைல வர்ற லாபத்துக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாதான் கழிவு, மேல போனா வரி. விதை, உரம் உறுப்பினருக்கு வாங்கி வித்தா அது முழு விலக்குல வரும்.

ஓய்வு_பெற்றவன்:
கூட்டுறவுல சர்வீஸ் போட்டவன், ஒண்ணு சேத்துக்கிறேன். இந்த சலுகை இன்னைக்கு நேத்து வந்தது இல்ல தம்பி, 1904ல வெள்ளைக்காரன் போட்ட கூட்டுறவு கடன் சங்கச் சட்டத்துலயே வருமான வரி, முத்திரைக் கட்டணம் ரெண்டுலயும் விலக்கு குடுக்க அதிகாரம் இருந்துச்சு. அந்த வருஷமே நம்ம திருவள்ளூர் பக்கத்து திரூர்ல சங்கம் பதிவாச்சு. கந்துவட்டிக்காரன் கிட்ட இருந்து குடியானவன வெளிய கொண்டு வரணும்னா சங்கத்துக்கு லாபம் கொஞ்சம் தேங்கணும், அத வரில கரைச்சுடக் கூடாதுன்னுதான் குடுத்தது. மேல இருக்குற வங்கி ஊரான் டெபாசிட் வாங்குது, செக் புக்கு குடுக்குது, ஏடிஎம் வச்சிருக்கு, அத வங்கின்னுதான் சொல்லணும். 2023ல கேரளா மாநில நிலவள வங்கி கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு இதே அளவுகோலத்தான் வச்சுது, மாநில அளவுல இருந்தாலும் அது பேங்கிங் தொழில் பண்ணல, லைசென்ஸ் இல்ல, அதனால 80பி உண்டுன்னு.

வயக்காட்டான்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். லேட் ஆனது எங்க தப்பு இல்லையே, கூட்டுறவு தணிக்கை ஆளு வந்து முடிச்சுக் குடுத்ததே டிசம்பர் மாசம், மறுவாரமே ஆடிட்டர் ரிட்டர்ன் போட்டுட்டாரு. இதுக்கு ஏதாவது வழி இருக்கா? ஜில்லா பேங்க்ல சங்கம் போட்டு வச்சிருக்குற டெபாசிட் வட்டியவும் சேத்து வரி போட்டுருக்காங்க.

கணக்குப்பிள்ளை:
வழி இருக்கு. உங்கள மாதிரி கேஸுக்காகவே சிபிடிடி (மத்திய நேரடி வரி வாரியம்) 2023 ஜூலைல 13ம் நம்பர் சர்க்குலர் போட்டுச்சு, 2018-19ல இருந்து 2022-23 வரைக்கும், மாநில சட்டப்படி தணிக்கை ஆக வேண்டிய சங்கங்களோட தாமதத்த மன்னிக்கச் சொல்லி தலைமை கமிஷனர்கிட்ட மனு குடுக்கலாம். அவரு பாக்குறதே தணிக்கை முடிஞ்ச தேதியும் ரிட்டர்ன் கெடுவுந்தான். அந்த வருஷம் கெடு 2022 நவம்பர் 7 வரைக்கும் நீட்டி இருந்துச்சு, உங்களுக்கு தணிக்கை டிசம்பர்லதான் முடிஞ்சிருக்கு, அப்ப கேஸ் நல்லா நிக்கும். தணிக்கைச் சான்றுல தேதியோட கையெழுத்து இருக்கானு பாருங்க, தணிக்கை அலுவலருக்கு சங்கம் எழுதுன நினைவூட்டல் கடிதம் ஏதும் இருந்தா நகல் வைங்க.

டெபாசிட் வட்டிக்கு 80பி(2)(டி)-னு தனியா கேளுங்க, ஒரு கூட்டுறவு சங்கம் இன்னொரு கூட்டுறவு சங்கத்துல போட்ட பணத்தோட வட்டிக்கு முழு விலக்கு. ஜில்லா பேங்க் வங்கியாச்சே, சங்கம் இல்லையேன்னு ஆபீசர் மல்லுக்கு நிப்பாரு, ஹைகோர்ட்டுங்க இதுல ஆளுக்கொரு பக்கமா தீர்ப்பு குடுத்து வச்சிருக்கு. தனியார் பேங்க்லயோ ஸ்டேட் பேங்க்லயோ போட்டு வச்ச பணம்னா மிச்சப் பணத்த போட்டு வச்சு வந்த வட்டிக்கு கழிவு இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டு சொன்ன 2010 டோட்கார்ஸ் சங்கத்து தீர்ப்ப எடுத்து நீட்டுவாங்க, அங்க ஜெயிக்கிறது கஷ்டம்.

மிளகாக்காரன்:
அப்ப நான் சொசைட்டில போட்ட டெபாசிட்டுக்கு டிடிஎஸ் பிடிக்க மாட்டேங்கிறாங்களே, எனக்கும் வரி இல்லதானே?

கணக்குப்பிள்ளை:
பிடிக்காதது வேற, கட்ட வேணாங்கிறது வேற அண்ணே. விலக்கு சங்கத்துக்கு. உங்க வட்டி உங்க வருமானம், ஐடிஆர்ல காட்டணும்.