ஆப் ‘வண்டி தொடர்பில் இல்லை’ என்கிறது, நிறுத்திய இடத்திலேயே சார்ஜும் குறைகிறது. இரண்டும் ஒரே கோளாறா?

நித்யா, பெருங்குடி:

எல்லோருக்கும் வணக்கம். 2021 கடைசியில் வாங்கிய எலெக்ட்ரிக் கார். 40 கிலோவாட் அவர் பேட்டரி, அதாவது கரண்ட் பில் கணக்கில் 40 யூனிட். கம்பெனி பெயரைப் போடவில்லை. போட்டால் பதில் வருவதற்கு முன்னால் சண்டை வந்துவிடும்.

முதல் பிரச்சினை ஆப். எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டாவது பேஸ்மென்ட்டில் எனக்கு இடம். வண்டி புழுங்கிக் கிடக்கும் என்பதால், கிளம்புவதற்கு முன் வீட்டிலிருந்தே ஏசியைப் போடுவது வழக்கம். இப்போது பட்டனை அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, கடைசியில் ‘வண்டியைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று வருகிறது. நான் கீழே போய் வண்டியை எடுத்து, ராம்ப் ஏறி, ரோட்டுக்கு வந்து சிக்னலில் நிற்கும்போது ‘ஏசி ஆன் செய்யப்பட்டது’ என்று மெசேஜ் வருகிறது. நன்றி சொல்வதா, அழுவதா?

இரண்டாவது, சார்ஜ். வெள்ளி இரவு 10 மணிக்கு 78 சதவீதத்தில் நிறுத்தினேன். திங்கள் காலை 10 மணிக்கு எடுத்தால் 69. நடுவில் யாரும் வண்டியைத் தொடவில்லை. சர்வீஸ் சென்டரில் சொன்னால் “நார்மல்தான் மேடம்” என்று சொல்லி, சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு, கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். வண்டி பளபளவென்று இருக்கிறது, பிரச்சினையும் அப்படியே இருக்கிறது.

ஆப் தகராறு போன் சம்பந்தப்பட்டது, சார்ஜ் குறைவது பேட்டரி சம்பந்தப்பட்டது, இரண்டையும் போட்டுக் குழப்பாதே என்கிறார் என் கணவர். பேட்டரியே போய்விட்டதோ என்று அவருக்குப் பயம் வேறு. எனக்கென்னவோ இரண்டும் ஒன்றாகத்தான் ஆரம்பித்த மாதிரி இருக்கிறது.

கூடுதல் விவரம்: ஆப் எங்கள் இரண்டு பேர் போனிலும் இருக்கிறது. என் போனில் ஹோம் ஸ்கிரீனில், ஆப்பைத் திறக்காமலே வண்டி நிலவரம் காட்டுகிற விட்ஜெட்டும் உண்டு. போன வருடம் வெளிக் கடையில் டேஷ்கேம் (ரோட்டைப் பதிவு செய்கிற கேமரா) மாட்டினோம்.

ஆவடி ராஜேஷ்:

ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடுங்க சிஸ்டர். போன் செட்டிங்கில் அந்த ஆப்புக்கு பேட்டரி சேவர் கட்டுப்பாடு இருந்தால் எடுத்துவிடுங்கள். எனக்கு அதிலேயே சரியாகிவிட்டது. சார்ஜ் கொஞ்சம் குறைவது எல்லா எலெக்ட்ரிக் வண்டியிலும் இருப்பதுதான், மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கோவை ஒயரிங் கடை:

வணக்கமுங்க. ராஜேஷ் தம்பி சொன்னதைச் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் இரண்டு போனிலும் ஒரே மாதிரி வருகிறது என்றால் போனைக் குறை சொல்லி என்ன பயன்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 9 சதவீதம் என்றால் 3.6 யூனிட். 60 மணி நேரத்தில் போயிருக்கிறது. சராசரி 60 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று வெள்ளிக்கிழமை இரவிலிருந்து அணையாமல் எரிந்த மாதிரி. நன்றாகத் தூங்குகிற கார் 12 வோல்ட்டில் 50 மில்லி ஆம்பியருக்குள் இழுக்கும், ஒரு வாட்கூடத் தேறாது. ஆக, உங்கள் வண்டி தூங்கவில்லை, அடிக்கடி எழுந்து உட்கார்ந்திருக்கிறது. இதை நார்மல் என்று சொன்னவர் கணக்குப் போடவில்லை.

எலெக்ட்ரிக் காரில் இரண்டு பேட்டரி. எல்லோரும் பெரியதைப் பற்றியே பேசுவார்கள், என் கடைக்கு வருகிற தொல்லையில் பாதி சின்னதால் வருவது. பானெட்டுக்குள் இருக்கிற 12 வோல்ட் பேட்டரிதான் பூட்டு, விளக்கு, கம்ப்யூட்டர், ஆப்போடு பேசுகிற மோடம் எல்லாவற்றுக்கும் சோறு போடுகிறது. பெரிய பேட்டரியை இணைக்கிற கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் மூடுவதற்கும் இதுதான் வேண்டும். அதனால்தான் பெரியதில் 70 சதவீதம் இருக்கும்போதே சின்னது செத்தால் வண்டி கதவைக்கூடத் திறக்காது. வண்டி ஓடும்போதும் சார்ஜில் இருக்கும்போதும் பெரியதின் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கிற டிசி-டிசி கன்வெர்ட்டர் இதை நிரப்பும். பல கார்கள், நிறுத்தி வைத்திருக்கும்போதும் சின்னது இறங்கினால் தானாக விழித்து, பெரியதிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டுத் திரும்பவும் படுக்கும். அப்படி விழிக்கும்போது உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்களெல்லாம் சேர்ந்து ஓரிரு நூறு வாட் தின்னும். நீங்கள் பார்க்கிற 69 அங்கே போயிருக்கலாம்.

உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறதுங்க அம்மணி. வண்டியின் மோடத்தில் ஒரு சிம் இருக்கிறது. இரண்டாவது பேஸ்மென்ட்டில் டவர் கிடைக்காமல் அது தேடிக்கொண்டே இருக்கும், தேடும்போது கரண்ட் இழுக்கும். சின்ன பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே போனால், பல கார்களில் மோடத்தையே அணைத்துவிடுவார்கள், மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று. அப்போது ஆப்புக்குப் பதில் வராது. பதில் வரவில்லையே என்று நீங்கள் மறுபடி மறுபடி அழுத்துவீர்கள். சிக்னல் எட்டிப் பார்க்கிற நேரத்தில் ஒவ்வொரு அழுத்தலும் வண்டியை எழுப்பும். சில ஆப்களின் விட்ஜெட்டும் இதே வேலையைக் கேட்காமலே செய்யும்.

டேஷ்கேமைத்தான் நான் முதலில் பிடிப்பேன். நிறுத்திய பிறகும் பதிவு செய்கிற பார்க்கிங் மோடில் அது 5 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 120 வாட் அவர். உங்கள் சின்ன பேட்டரி 45 ஆம்பியர் அவர் என்று வைத்தால் மொத்தமே 540. மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதைச் செய்யுங்கள். மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள், சாதாரணமானது போதும். இரவில் பானெட்டைத் திறந்து வையுங்கள். திறந்த பானெட்டோடு பல கார்கள் தூங்காது, அதனால் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, மூடின நிலைக்குக் கொண்டுபோங்கள். (மூடுவதற்கு முன் உள்ளே இருக்கிற லீவரை இழுத்துக் கொக்கியைத் திரும்ப விடுவிக்க மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் பானெட்டை அடித்து நெளித்துவிடுவீர்கள்.) காலையில் கதவைத் தொடாமல், சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து சின்ன பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிரம்பி இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் பேட்டரி கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஆரஞ்சு நிற ஒயர் எதிலும் கை வைக்காதீர்கள், அது பெரிய பேட்டரியின் லைன்.

அப்புறம் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது திருடன் என்று தெரியாது.

யாழ்ப்பாணம் லீஃப்காரன்:

இதற்குள் நானும் ஒன்று சொல்கிறேன், நித்யா அக்கா. எங்கட பக்கம் ஓடுகிற மின்சாரக் கார்களில் கனக்க ஜப்பானில் இருந்து பழையதாக வந்த நிசான் லீஃப். அதில் உள்ள மோடம் ஜப்பான் நெட்வொர்க்குக்கு உரியது, இங்கே கம்பெனி ஆப் வேலை செய்யாது. திரையில் வருவதும் ஜப்பான் எழுத்துத்தான். ஆகவே எல்லாரும் வண்டியின் கோளாறு பார்க்கிற ஓபிடி போர்ட்டில் ஒரு புளூடூத் டாங்கிளைச் செருகி, லீஃப் ஸ்பை என்ற ஆப்பில்தான் பற்றரியின் நிலைமையைப் பார்க்கிறோம்.

அந்த டாங்கிளைச் செருகினபடியே விட்டால், மலிவான சில வகைகள் வண்டியை நித்திரை கொள்ள விடாது. கராஜ்காரர் ஒருவர் என் கண் முன்னாலேயே கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு டாங்கிளைக் கழற்றிக் காட்டினார், எண் சடாரென்று விழுந்தது. இன்சூரன்ஸ்காரரோ வேறு யாரோ தந்த பெட்டி ஏதும் உங்கட ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி இருக்கிறதா என்று ஒருக்கால் குனிந்து பாருங்கள்.

நித்யா, பெருங்குடி:

அண்ணா, தம்பி, இருவருக்கும் நன்றி. குனிந்து பார்த்தேன், டாங்கிள் எதுவும் இல்லை. ஒரு ஐந்து ரூபாய் காயின் கிடைத்தது.

மீட்டர் விஷயம். காலையில் நானும் கணவரும் கீழே போனோம். கதவைத் தொடவில்லை. முள் இல்லாத டிஜிட்டல் மீட்டர், 12.08 காட்டியது. நான் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சும்மா பார்ப்போம் என்று அவர் மேலே போய்ச் சாவியைக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். பின் சீட்டுக்கு அடியிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். மீட்டரில் எண் 12, 13 என்று ஏறி 14.1இல் போய் நின்றது. இவ்வளவு நாளாக அந்த ‘டக்’கைக் கேட்டிருக்கிறேன், அது கான்டாக்டர் மூடுகிற சத்தம் என்று இப்போதுதான் தெரிகிறது. பேட்டரி போய்விட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

டேஷ்கேமின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சனி ஞாயிறு தாம்பரத்தில் அம்மா வீட்டு வாசலில் திறந்தவெளியில் நிறுத்தினோம். ஆப் அழுத்திய உடனே பதில் சொன்னது. சார்ஜ் 1 சதவீதம்தான் குறைந்தது. அடுத்த வாரம் அதே மாதிரி டேஷ்கேம் இல்லாமல் பேஸ்மென்ட்டில் விட்டோம், 3 சதவீதம். ஆப் வழக்கம்போல வட்டம் சுற்றியது. பெரிய திருடன் டேஷ்கேம், சின்னத் திருடன் பேஸ்மென்ட் என்று எடுத்துக்கொள்கிறேன். விட்ஜெட்டையும் எடுத்துவிட்டேன்.

பேட்டரி கடையில், சுமை கொடுத்தால் சின்ன பேட்டரி தாங்குகிறதா என்று லோடு டெஸ்ட் போட்டார்கள். தேறவில்லை. வண்டியோடு வந்த பேட்டரி, வயதும் ஆகிவிட்டது, நம் ஊர் வெயிலுக்கு இவ்வளவு தாங்கியதே பெரிது என்றார் கடைக்காரர். மாற்றச் சொல்லிவிட்டேன்.

மிச்சம் இருப்பது சிக்னல்தான். பேஸ்மென்ட்டுக்கு வைஃபை இழுத்தால் ஆகுமா? ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் என்று ஒன்று விற்கிறார்களே, அதை வாங்கலாமா?

ஆவடி ராஜேஷ்:

அதை வாங்கிவிடாதீர்கள் சிஸ்டர். அனுமதி இல்லாமல் பூஸ்டர் வைப்பது நம் நாட்டில் சட்டவிரோதம், சுற்றி இருப்பவர்கள் போனையும் கெடுக்கும். அசோசியேஷன் மூலமாக மொபைல் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள், பெரிய கட்டடங்களுக்கு அவர்களே உள்ளே ஆன்டெனா போட்டுக்கொடுப்பார்கள். வைஃபை போட்டும் பயன் இல்லை, ஆப் பேசுவது மோடத்தில் இருக்கிற சிம்மோடு.

கோவை ஒயரிங் கடை:

தம்பி சொன்னது சரி. அதுவரைக்கும், ரேம்ப்புக்குப் பக்கத்தில் இடம் இருக்கிற யாராவது பெட்ரோல் கார்க்காரரிடம் இடம் மாற்றிக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு சிக்னல் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன.

டேஷ்கேமை ஒரேயடியாகத் தூக்கிப் போட வேண்டாம். வண்டியை ஆஃப் செய்தால் கரண்ட் நிற்கிற லைனுக்கு ஒயரை மாற்றித் தரச் சொல்லுங்கள், ஓடும்போது மட்டும் பதிவாகும். பார்க்கிங் மோடும் வேண்டும் என்றால் வோல்டேஜ் இறங்கினால் தானே அறுத்துக்கொள்கிற ஹார்ட்வயர் கிட் வாங்கி, 12.2க்கு மேலேயே நிற்கிற மாதிரி வையுங்கள்.

ஊருக்குப் போய் வாரக்கணக்கில் வண்டியை விடுவதாக இருந்தால் பெரிய பேட்டரியில் பாதிக்கு மேல் வைத்துவிட்டுப் போங்கள். அது மிகவும் குறைந்துபோனால் சில கார்கள் சின்னதுக்கு ஊற்றுவதை நிறுத்திவிடும். சின்னது செத்தாலும் கதவைத் திறக்க, சாவிக்குள்ளே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், எப்படி உருவுவது என்று இப்போதே பார்த்து வையுங்கள். ஒருவேளை ஜம்ப் போட (வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துச் சின்னதை எழுப்ப) வேண்டி வந்தால் பக்கத்து கார்க்காரரிடம் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் உங்கள் வண்டியிலிருந்து அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டாம், நிறைய எலெக்ட்ரிக் கார் மேனுவலில் கூடாது என்றே போட்டிருக்கும்.

புது பேட்டரி வாங்கும்போது பழையதில் ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கிற வகை) என்று போட்டிருந்தால் அதே வகைதான் வாங்க வேண்டும். பழையதைச் சும்மா கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், ஈயத்துக்கு விலை உண்டு. பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.